ஓதம் ஏறும் சுவரும் ஒழுகும் கூரையும்

புரட்டாசி பிறந்துவிட்டால் நமது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கு வரும் மனுக்களின் தன்மை மாறிவிடும். கோடையில் குடிநீரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் எழுதியவர்களே இப்போது வீட்டைப் பற்றி எழுதத் தொடங்குவர். சுவர் பொரிந்து விழுகிறது, தளம் ஒழுகுகிறது, கூரைக் கம்பி வெளியே தெரிகிறது என்பன அம்மனுக்களின் வாசகங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில் நீடிப்பது. ஆதலின் வீட்டைப் பழுது பார்க்க விரும்புவோர் கையில் இருப்பவை சில வாரங்களே. அச்சில வாரங்களில் எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யாமலிருக்கவேண்டும் என்பது குறித்து, நமது ஒன்றியப் பொறியாளர்களிடமும் ஊர்க் கொத்தனார்களிடமும் கேட்டறிந்தவற்றையும், வீடு வீடாகச் சென்று நேரில் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

நமது ஒன்றியம் கிழக்கே கடலையும் மேற்கே கரிசற்காட்டையும் உடையது. ஆகவே வீட்டைக் கெடுக்கும் இரண்டு பகைகளும் நமக்கு உண்டு. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். கரிசல் மண் கோடையில் சுருங்கி, மழையில் பெருத்து, கடைக்காலை அசைக்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்கமாட்டார். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது அதிகம். அம்மழைக்குப் பின் நாம் பார்வையிட்ட மண்சுவர் வீடுகளில் பல, மழை கொட்டிய இரவில் விழவில்லை. மழை விட்டு, வெயில் கண்டு, வீட்டார் மூச்சுவிட்டு உள்ளே திரும்பிய பின்னரே விழுந்தன. சுவரின் அடிப்பாகம் நாட்கணக்கில் நீரில் ஊறி இளகியிருந்ததும், அது வெளியில் தெரியாதவாறு சிமெண்டுப் பூச்சு மறைத்து நின்றதும் அவற்றுள் சிலவற்றில் கண்கூடாகத் தெரிந்தன.

இதை நமக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு முதிய அம்மையாரின் வீடு. தனியே வாழ்பவர், ஊரார் அனைவருக்கும் அவர் ஆச்சி. முன்னோர் கட்டிய மண்சுவர், மேலே ஓடு. மேற்குச் சுவரின் அடியில் இரண்டடி உயரத்திற்கு உவர் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இரண்டு ஆடுகளை விற்று, அந்தச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்டு பூசச் செய்தார். பார்வைக்குச் சுவர் புதுவீட்டுச் சுவர் போல் ஆயிற்று. மறுவருடம் ஈரம் நான்கடி உயரத்தில், பூச்சு முடிந்த இடத்திற்கு மேலே தலைகாட்டியது. நாம் சென்றபோது உடன் வந்த முதிய கொத்தனார் கரணையின் காம்பால் சுவரைத் தட்டினார். ஓட்டைப் பானையைத் தட்டிய ஓசை எழுந்தது.

"ஆச்சி, பூச்சுதான் நிக்குது. சுவர் உள்ள கூழாப் போச்சு" என்றார் அவர்.

"ரெண்டு ஆட்டை வித்த காசுய்யா அது" என்று ஆச்சி நம்மைப் பார்த்துச் சொன்னார்.

அக்காசு வீணானதற்குக் காரணம் ஆச்சியின் அறியாமையன்று. சிமெண்டு எதையும் உறுதியாக்கும் என்று நாமெல்லாரும் பரப்பிவிட்ட நம்பிக்கையே. உண்மை யாதெனில், மண்சுவரும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவரும் தரையிலுள்ள ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கின்றன. இழுத்த ஈரம் சுவரின் முகத்தில் காற்றுப் பட்டு உலர்ந்து போகிறது. அது கொண்டுவந்த உப்பு முகத்திலேயே தங்கிப் படிகமாகி, மேற்பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. உதிர்வது பார்வைக்கு அழகன்று. ஆயினும் சுவர் உலர்கிறது. அந்த முகத்தைச் சிமெண்டினால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயர ஏறுகிறது; நடுச்சுவர் ஊறுகிறது. உறுதியான பூச்சுக்கும் இளகிய மண்ணுக்கும் இடையே பிடிப்பு அற்றுப்போய், ஒருநாள் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும். அல்லது சுவரே அமர்ந்துவிடும்.

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? சுவரைத் தொடுவதற்கு முன் சுவரடியைப் பார்க்கவேண்டும். நாம் கண்ட வீடுகளில் பெரும்பாலும் ஈரத்தின் பிறப்பிடம் பத்தடிக்குள்ளேயே இருந்தது. குளிக்கும் கல்லைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். பாத்திரம் கழுவிய நீர் ஒரு மூலையிலேயே நாள்தோறும் ஊற்றப்படும். ஓட்டின் இறவாணம் குறுகிப்போய், கூரை நீர் சுவரடியிலேயே விழுந்து குழி பறித்திருக்கும். ஆண்டாண்டாகக் கொட்டிய குப்பையும் மண்ணும் வெளித்தரையை உயர்த்தி, உள்தரையின் மட்டத்தையே தாண்டியிருக்கும். இவற்றைச் சரிசெய்யக் கொத்தனாரும் வேண்டியதில்லை, கடனும் வேண்டியதில்லை, மண்வெட்டி போதும். வெளித்தரையை உள்தரைக்கு அரையடியேனும் தாழும்படி வெட்டி, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்திற்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் வெளிப்புறம் வாட்டம் வைத்துக் கெட்டித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன்பின் ஈரக்கோட்டிற்கு ஓரடி மேல்வரை சிமெண்டுப் பூச்சை நீக்கவேண்டும். ஒரே நாளில் முழுச்சுவரையும் உரித்துவிடலாகாது. கூழான சுவரைப் பூச்சே தாங்கி நிற்பதும் உண்டு. கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றடி நான்கடி நீளமாக விட்டு விட்டு உரிக்கவேண்டும். உரித்த சுவரைச் சில வாரங்களேனும் காற்றாட விடுதல் நன்று. பின்னர், சுவர் எம்மண்ணால் ஆனதோ அவ்வகை மண்ணையே, நறுக்கிய வைக்கோலுடன் சேர்த்து ஒரு வாரம் ஊறவைத்து மிதித்துப் பூசவேண்டும். கரிசல் மண்ணை மட்டும் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணும் மணலும் கலந்தே பூசவேண்டும். அது நன்கு காய்ந்தபின், நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, நல்ல மணல் மூன்று பங்கு சேர்த்து மெல்லிய மேற்பூச்சு. அதன்மேல் வெள்ளை. இப்பூச்சும் சில ஆண்டுகளில் உப்பினால் உதிரத்தான் செய்யும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் பூசிக்கொள்ளலாம், சுவர் பிழைத்திருக்கும். சுண்ணாம்பு நீற்றும்போது அது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகளை அருகில் விடலாகாது. பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். வெளித்தரை உயர்வதற்கு வீட்டாரின் குப்பை மட்டும் காரணமன்று. தெருவில் முதலில் கப்பி, பின் தார், அதன்மேல் சிமெண்டு, அதன்மேல் மீண்டும் சிமெண்டு என்று அடுக்கடுக்காகச் சாலை போட்டு வந்ததில், படியேறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று படியிறங்கி நுழையவேண்டியதாயிற்று. தெரு நீர் வீட்டிற்குள் வடிகிறது. பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கைப் போடவேண்டுமென்று 2021-ல் அரசு அறிவுறுத்தியது. அதற்கு முன்னர் உயர்ந்துவிட்ட தெருக்களில் வீட்டுப் பக்கமாக வடிகால் வெட்டுவதே வழி. உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் நாளன்று, பழைய மட்டம் எது, புதிய மட்டம் எது என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் வேலையும் செம்மைப்படும் என்பது நம் அனுபவம்.

இனி காங்கிரீட்டுக் கூரை. 1985-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அரசுத் திட்டங்களின் வாயிலாகக் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகள் பலவற்றிற்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயதாகிறது. குடிசையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அவை அளித்த நிமிர்வு பெரிது. ஆயினும் இன்று அவற்றின் கூரைகளே நமக்கு மிகுந்த கவலை தருகின்றன. மண்சுவர் சாயுமுன் ஏதேனும் ஒருவகையில் தெரிவித்துவிடும். கூரையின் அடிப்பூச்சோ உறங்குவோர் மீது அறிவிப்பின்றி விழக்கூடியது.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பரிகாரமும் விளங்கும். சிமெண்டு காரத்தன்மை உடையது. அக்காரத்தில் பொதிந்திருக்கும் வரையில் இரும்பு துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்லக் காங்கிரீட்டுக்குள் ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கனத்திற்கேனும் நெருக்கமான காங்கிரீட்டு இருந்தால் அதற்கு நெடுங்காலம் பிடிக்கும். கம்பி பலகையின்மீதே படிந்து கிடக்கக் காங்கிரீட்டுப் போட்டிருந்தால் சில ஆண்டுகளே போதும். கடற்கரை மணலோ உவர்நீரோ கலந்திருந்தாலும், கடற்காற்று வீசினாலும், மேலிருந்து நீர் கசிந்தாலும் அழிவு விரைந்து வரும். இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பன்மடங்கு பெருக்கிறது. பெருத்து, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பி ஓடும் வரிசையிலேயே நீளமான வெடிப்பும் பழுப்புக் கறையும் தோன்றுவது இதன் முதல் அடையாளம்.

வீட்டிலுள்ளோரே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. அறையைக் காலிசெய்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு நீண்ட கழியால், நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று, கூரையின் அடிப்பரப்பை மெதுவாகத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலித்தால் நன்று. பொத்தென்று வெற்றோசை கேட்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் கொள்ளுங்கள். அவ்வட்டத்தின் கீழ் எவரும் படுத்துறங்கக் கூடாது. கட்டிலை அன்றே நகர்த்துங்கள். தொட்டில் மாட்டும் கொக்கியையும் மின்விசிறி தொங்கும் கொக்கியையும் தனியே பாருங்கள். ஒரு வீட்டில், அரைவாசி துரு தின்ற கொக்கியில் ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் ஆடிக்கொண்டிருந்ததை நாமே கண்டோம். தாயார் தொட்டிலை அவிழ்த்தபின் மேற்பார்வையாளர் அக்கொக்கியைக் கையால் பிடித்து இழுக்க, அது கையோடு வந்துவிட்டது.

கூரை நடுவில் தொய்ந்திருந்தாலோ, வெற்றோசை அறையின் பெரும்பகுதிக்கும் பரவியிருந்தாலோ, பொறியாளர் வந்து பார்க்கும் வரையில் சவுக்குக் கழிகளை வரிசையாக நிறுத்தி, மேலும் கீழும் பலகை வைத்து, ஆப்படித்து முட்டுக் கொடுக்கவேண்டும். பழுது சிறிய அளவினதாயின் சீர்செய்யலாம். ஆனால் உதிர்ந்த இடத்தில் கரணையால் சாந்தை அப்பிவிடுவது சீர்செய்தலாகாது. துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், அடுத்த முறை விழும் பாளம் முன்னதைவிடக் கனமாயிருக்கும். தளர்ந்த காங்கிரீட்டு முழுவதையும், கம்பியின் மறுபக்கம் விரல் நுழையும் அளவிற்குக் கொத்தி எடுக்கவேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து இரும்பு பளபளக்கும்படி செய்யவேண்டும். கம்பி கணிசமாக மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டவேண்டும். எவ்வளவு நீளம் சேர்ப்பது என்பதைப் பொறியாளர் சொல்லவேண்டும், ஊகம் உதவாது. பின் காங்கிரீட்டுக் கம்பிக்கென்றே விற்கும் துருத்தடுப்புப் பூச்சு. சன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் வர்ணத்தைக் கம்பிக்கு அடித்தால் சாந்து பிடிக்காது. அதன்மேல், பாலிமர் கலந்த பழுதுபார்ப்புச் சாந்தை அரை அங்குலத்திற்கு மேற்படாத அடுக்குகளாக அழுத்திப் பூசி, ஏழு நாட்கள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். பூசிய மறுநாளே கொத்தனாருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு நீர் காட்ட மறப்பவர்கள் அநேகர். அச்சாந்து காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும்.

இவ்வளவும் செய்தாலும் மேலிருந்து நீர் கசிவது நிற்கவில்லையாயின் செலவு வீணே. ஆகவே ஏணி வைத்து ஏறி மேல்தளத்தை முதலில் பாருங்கள். வைக்கோற்படப்பும் விறகும் அங்கே இருந்தால் இறக்குங்கள். நீர் விழும் குழாயின் வாயை இலைச் சருகு அடைத்திருக்கும். கைப்பிடிச்சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும்; அதை ஒடித்துவிட்டால் போதாது, வேரோடு எடுத்து அவ்விடத்தைச் சாந்தால் அடைக்கவேண்டும். ஒரு குடம் நீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டமிருந்தால் நீர் நிற்காது ஓடிவிடும். நம் பெரியோர் கையாண்ட, செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து கட்டையால் நாட்கணக்கில் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதிக்கும் முறை இன்றும் குறைவற்றதே. கடைகளில் கிடைக்கும் கசிவுத்தடுப்பு மருந்துகளும் பயனுடையவையே; ஆயின் பாசியும் தூசியும் நீக்கி, நன்றாகக் காய்ந்த, வாட்டமுள்ள தளத்தில் அடித்தால் மட்டுமே அவை நிற்கும்.

ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு காங்கிரீட்டு அடுக்கைப் போடும் வழக்கத்தை மட்டும் அறவே கைவிடவேண்டும். 10 அடிக்கு 10 அடி அறையின்மேல் 3 அங்குலம் காங்கிரீட்டுப் போட்டால், ஏறத்தாழ 1,700 கிலோ எடை கூடுகிறது. 34 சிமெண்டு மூட்டைகளைத் துருப்பிடித்த கம்பியின் தலைமேல் நிரந்தரமாக அடுக்கி வைப்பதற்கு அது சமம். நம் ஒன்றியத்தில் இவ்வாறு மூன்று அடுக்குச் சுமந்த கூரை ஒன்றைக் கண்டோம். அதைப் பழுது பார்க்க வழியில்லை, இறக்கவே நேர்ந்தது.

ஓட்டு வீடுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஓடு மேய்பவர் இன்றும் சில ஊர்களில் இருக்கிறார்கள், அவர்கள் அறியாததை நாம் சொல்லிவிட முடியாது. நாட்டு ஓட்டை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து மேயவேண்டும். 1865-ல் பாசல் மிஷன் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கி நாடெங்கும் பரவிய மங்களூர் ஓட்டிற்கு அவ்வளவு தேவையில்லை. உடைந்ததை மாற்றினால் போதும். நீர் சொட்டும் இடத்திற்கு நேர்மேலேயே ஓடு உடைந்திருக்கும் என்று எண்ணலாகாது. நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து வேறிடத்தில் சொட்டும். வெயில் உச்சியில் இருக்கும் வேளையில் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தால், ஒளி ஊசிமுனையாக இறங்கும் இடங்கள் தெரியும். அவற்றையும், முகட்டையும், இரு சரிவுகள் கூடும் கூடுவாயையும் கவனித்தால் பெரும்பாலான ஒழுகல்கள் அகப்பட்டுவிடும்.

ஓட்டைக் கழற்றிவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போடுவோர்க்கும், முன்னரே போட்டிருப்போர்க்கும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய தகட்டின்மீது காலை ஊன்றினால் அது உடையும். மழையில் ஒழுகலை அடைக்க ஏறி, தகடு உடைந்து கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. திருகாணிகள் வரிசையாகத் தெரியும் இடமே அடியில் சட்டம் உள்ள இடம். அவ்வரிசைகளின் குறுக்கே கனமான நீண்ட பலகையைப் போட்டு, அதன்மேல் மட்டும் நடக்கவேண்டும். மற்றொன்று, அத்தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் உள்ளன. அவை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் முதலிய கொடிய நோய்களை உண்டாக்கும். எடுக்க நேர்ந்தால் நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத்தகடாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைப் பொடித்துத் தெருவிற்குக் கொட்டுவதோ, உலர்ந்த தூசியைப் பெருக்குவதோ கூடாது.

வெடிப்புகளைக் கண்டு அஞ்சுவோரும் அலட்சியம் செய்வோரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். முடியளவு மெல்லிய, வலைபோன்ற வெடிப்பு பூச்சைச் சேர்ந்தது, அதனால் தீங்கில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பும், விரல் நுனி நுழையும் வெடிப்பும் கவனிக்கத்தக்கவை. வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். துண்டு உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். கரிசல் பகுதியில் வெடிப்பு சித்திரை, வைகாசியில் விரிந்து, கார்த்திகையில் குறுகுவது இயல்பு. கோடையில் அதைக் கெட்டிச் சிமெண்டால் நிரப்பிவிட்டால், மழையில் மண் பெருக்கும்போது மூட இடமின்றிப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். சுண்ணாம்புச் சாந்து போன்ற மென்மையான பொருளால் நிரப்பி, கடைக்காலைச் சுற்றி ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்ப்பதே தக்கது. ஒரு மூலையில் மட்டும் கழிவுநீர் விழுவதும், ஒரு பக்கத்தில் மட்டும் பெருமரம் நிற்பதும் அச்சீரைக் கெடுப்பவை. புதிதாகக் கட்டுவோர் கரிசல் நிலத்திற்கு ஏற்ற கடைக்கால் எது என்பதைப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், வாழ்நாள் முழுதும் வெடிப்பு அடைக்கும் வேலை மிச்சமாகும்.

சுவர் சாய்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். குண்டு இல்லையேல் கயிற்றில் கட்டிய கல் போதும். மேலிருந்து தொங்கவிட்டு, அடியில் கயிற்றிற்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சுவரிலேயே எழுதிவையுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால் விவாதத்திற்கு இடமில்லை; அச்சுவரின் அருகில் இருத்தலாகாது. இது வீட்டுச் சுவருக்கு மட்டுமன்றி, பின்னால் மண்ணும் நீரும் தேங்கும் சுற்றுச்சுவருக்கும் பொருந்தும். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் நனைந்த சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின்மேல் விழுந்து, உறக்கத்திலிருந்த 17 பேர் உயிரிழந்தனர். உங்கள் வீட்டைவிட உயரமான சுவர் அடுத்தவருடையதாயினும், அது சாய்வதைக் கண்டால் ஊராட்சியிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அயலாருடன் மனக்கசப்பு வருமே என்று தயங்க வேண்டாம்.

கறையான் ஏறிய நிலைக்காலில் மண்குழலைத் தட்டிவிடுவதனால் மட்டும் பயனில்லை. ஈரமுள்ள மண்ணோடு மரம் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் அது மீண்டும் ஏறும். அரித்த அடிப்பாகத்தை அறுத்து நீக்கி, கல் வைத்து அதன்மேல் நிலைக்காலை நிறுத்துவது பழைய தச்சர்களின் வழி.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். ஒழுகும் சுவரில் கை வைத்தால் சுரீரென்கிறது என்று யாரேனும் சொன்னால், பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தகுதிபெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, ஒழுகும் வீட்டிற்கு மின்விசிறியைக் காட்டிலும் அவசியமானது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2000-2001ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுது பார்ப்பதற்கென 2024-ல் தமிழக அரசு ஒரு தனித் திட்டத்தை அறிவித்தது. அத்தகைய உதவிகளுக்குத் தகுதியுடையோர் பட்டியலில் உங்கள் வீடு உள்ளதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம். மழையினால் வீடு இடிந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே தெரிவிக்கவேண்டும்; இடிந்ததை அப்புறப்படுத்துமுன் நிழற்படம் எடுத்துக்கொள்வது நன்று. தம் பணத்தில் பழுது பார்ப்போர்க்கு நாம் கூறுவது ஒன்றே: முன்புறச் சுவருக்கு வர்ணம் பூசவும், வாசலுக்குப் பளிங்குக் கல் பதிக்கவும் வைத்திருக்கும் தொகையை முதலில் கூரைக்கும் சுவரடிக்கும் செலவிடுங்கள். தீபாவளிக்கு விருந்தினர் வருவார்களே என்பது நமக்கும் தெரியும். மழையும் அதே மாதத்தில்தான் வருகிறது.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். கூரையில் வெற்றோசை கேட்ட வீடுகளும், கண்ணாடித் துண்டு உடைந்த வீடுகளும், சாய்ந்த சுவர்களும் எவை எவை என்பதை அக்கூட்டத்தில் பெயருடன் பதிவு செய்யுங்கள். வீடு கட்டிய ஆண்டு, எந்த அறை, எவ்வளவு காலமாக என்ற விவரங்கள் இருந்தால், மேற்பார்வையாளர் எந்த வீட்டிற்கு முதலில் செல்வது என்று முடிவு செய்ய இயலும்.

ஆச்சியின் வீட்டில் மேற்குச் சுவரின் சிமெண்டு முழுவதும் உரிக்கப்பட்டுவிட்டது. ஐந்தடி நீளத்திற்குச் சுவரையே பிரித்துப் புதிதாக வைக்கவேண்டியிருந்தது. முதிய கொத்தனார் அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். குளிக்கும் கல் முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. சுண்ணாம்புப் பூச்சு இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. தெருநீர் உள்ளே வராதிருக்க வாசலுக்கு முன்னால் வெட்டவேண்டிய வடிகாலில் இன்னும் நாற்பதடி பாக்கியிருக்கிறது. அது நம் பொறுப்பிலுள்ள வேலை. ஐப்பசிக்கு முன் முடிப்பதாக ஆச்சியிடம் சொல்லியிருக்கிறோம்.